திரைந்த மருந்து

பிரிஜ் குளிரவில்லை என்று சொன்னால் அக்கம்பக்கத்தில் நாலு பேர் அனுதாபப்படுவார்கள். ஒருவர் தன் வீட்டு பிரிஜ்ஜில் மீன் வைக்க இடமும் தருவார். பிரிஜ் கூடுதலாகக் குளிர்கிறது என்று சொன்னால் கல்முனையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கடற்காற்றே சுடுகிற மாதத்தில் ஒருவன் கடைத்தெருவில் நின்று, "எங்கட பிரிஜ் சரியான குளிர், என்ன செய்ற எண்டு விளங்கல்ல" என்று முறையிட்டால், அவனுக்கு வீட்டில் வேறு ஏதோ பிரச்சினை என்றுதான் நினைப்பார்கள். என்னைப் பற்றியும் அப்படித்தான் நினைத்தார்கள். இப்போது யோசித்துப் பார்த்தால் அவர்கள் நினைத்தது முழுப் பிழையும் இல்லை.

அது ஒற்றைக் கதவு பிரிஜ். மேலே ஐஸ் பெட்டி, அதற்கு நேர் கீழே ஒரு தட்டு, பிறகு மற்றத் தட்டுகள், அடியில் மரக்கறிப் பெட்டி. உள்சுவரில் ஒன்றிலிருந்து ஏழு வரை இலக்கம் போட்ட ஒரு குமிழ். இலக்கம் கூடினால் குளிர் கூடும். அதன் விஞ்ஞானம் அவ்வளவுதான். ஆனால் அந்த வருஷம் அது எங்களைப் படாத பாடு படுத்தியது. இறக்காமத்தில் இருந்து மனைவியின் சாச்சி அனுப்புகிற எருமைத் தயிர் சட்டியோடு கல்லாகிவிடும், கரண்டியை வைத்தால் சத்தம் கேட்கும். கெக்கரிக்காயை வெட்டினால் உள்ளே ஐஸ் நொறுங்கும். முட்டைகள் கோது வெடித்துக் கிடக்கும். பச்சை மிளகாயை வெளியே எடுத்து வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துத் துவண்டுவிடும். நான் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். ஊருக்கெல்லாம் பூட்டும் குழாயும் விற்றுவிட்டு, என் வீட்டில் ஒரு குமிழை அடக்க முடியாமல் இருந்தது எனக்குப் பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது.

'என் வீடு' என்று பழக்கத்தில் சொல்கிறேன். வீடு மனைவியுடையது. நான் பொத்துவிலில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். உடுப்புப் பெட்டியும் ஒரு தொழுகைப் பாயுமாக நான் இங்கே வந்து சேர்ந்தேன். மாமா மவுத்தான பிறகு வீட்டில் மூன்று பேர்தான்: மனைவி, மனைவியின் உம்மாவான என் மாமி, நான்.

மாமி என்னோடு கதைக்கமாட்டார். கோபம் ஒன்றும் இல்லை. அது மரியாதை. மார்க்கத்தில் இப்படி ஒரு சட்டமும் கிடையாது. மாமி தாய்க்குச் சமம். முகம் பார்க்கலாம், கதைக்கலாம், ஒன்றாக இருந்து சாப்பிடலாம். இது வெறும் ஊர் வழமை. இந்தக் காலத்து மாப்பிள்ளைமார் மாமியோடு செல்பி எடுத்துப் போடுகிறார்கள். எங்கள் மாமி அந்தக் கட்சி இல்லை. குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் பூப்போட்ட ஒரு திரை தொங்கும். நான் ஹோலில் என்றால் அவர் திரைக்கு அந்தப் பக்கம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவி வழியாகத்தான்.

"மகள், மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா எண்டு கேளுங்க."

"வேணுமா?"

"போதும்."

"போதுமாம் உம்மா."

மூன்று பேருக்கும் முதல் தடவையே நன்றாகக் கேட்டிருக்கும். ஆனாலும் அஞ்சல் தவறாமல் போய் வரும்.

மனைவி ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். காலையில் எனக்கு முன்பே போய்விடுவாள். அந்த நேரத்தில் மாமி பூனையோடு கதைப்பார். "புட்டு மூடி வெச்சிரிக்கி. ஆறினா நல்லா இரிக்காது" என்று திரைக்குப் பின்னால் இருந்து பூனைக்குச் சொல்வார். எங்கள் பூனை புட்டைத் திரும்பியும் பார்க்காது. நான் எழும்பிப் போய்ச் சாப்பிடுவேன். பூனை ஊர் சுற்றப் போன நாளில் சுவருக்குச் சொல்வார். "மழ வரும் போல கிடக்கு, குடை கதவுக்குப் பின்னால இரிக்கி." சுவருக்கு எதற்குக் குடை? நான் எடுத்துக்கொண்டு போவேன்.

நான் கேலி செய்வதாக நினைக்கக் கூடாது. என் வாழ்க்கையில் நான் கண்ட மிகக் கெட்டிக்காரப் பெண் அவர்தான். நான் கேற்றைத் திறக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்குக் கடையில் வியாபாரம் எப்படி என்று அறிந்துவிடுவார். வியாபாரம் படுத்த நாளில் என் பீங்கானில் மீன் துண்டு பெரிதாக இருக்கும். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி முடிக்க முன்பே, "அது நேத்தைய பாரை, தூக்கிட்டுப் போங்க" என்று வாசலில் நின்று சொல்வார். ஊரில் எல்லோரோடும் கதைப்பார், என்னோடு மட்டும்தான் இல்லை. எல்லாவற்றையும் விட அவருக்குக் கைவந்தது பால். மாட்டுப் பாலோ தேங்காய்ப் பாலோ, எது எந்த நெருப்பில் திரையும், திரைய முதல் அதன் முகம் எப்படி மாறும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணிலேயே தெரியும். அவர் தேங்காய்ப் பாலில் காய்ச்சுகிற பாலாணக் குழம்பு ஒரு நாளும் திரைந்ததில்லை. ஊரில் பெரிய கந்தூரி விருந்து என்றால் பாலாணச் சட்டியைப் பார்த்துக்கொள்ள அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறது. வாப்பாவிடம் இருந்து வந்தது. பொத்துவிலில் வாப்பாவுக்கு முதலில் பெருவிரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்தார்கள். கடைசிக் காலத்தில் கதிரையில் இருந்துதான் தொழுதார். வாசலில் அவருடைய ஒற்றைச் செருப்பு கிடக்கும். அதைத் தாண்டித்தான் நான் தினமும் வெளியே போய் வந்தேன். ஆகவே ஒரு நாள் கடையில் கதவுப் பிணைச்சல் பெட்டி ஒன்று கைதவறிக் காலில் விழுந்து, வலது பெருவிரலில் சின்னப் புண் வந்து, அது ஆறாமல் நின்றபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் என்றால் சும்மா பயம் இல்லை. செருப்பைப் போடும் ஒவ்வொரு தரமும் விரல்களை எண்ணிப் பார்த்தேன்.

கிளினிக்கில் இன்சுலின் தந்தார்கள். காலையும் மாலையும் சாப்பிட முதல் குத்த வேண்டும். தெளிந்த மருந்து ஒன்று உண்டு, பால் போலக் கலங்கிய மருந்து ஒன்று உண்டு. என்னுடையது கலங்கிய சாதி. "குளிர்ல வெக்கணும். குத்த முதல் கொஞ்ச நேரம் வெளிய எடுத்து வெச்சு, உள்ளங்கையில உருட்டிட்டுக் குத்துங்க" என்று தாதி மிஸ்ஸி சொல்லித் தந்தார். நான் மனைவிக்குச் சொன்னேன். மனைவி உம்மாவுக்குச் சொன்னாள். அன்றிலிருந்து அந்த மருந்து மாமியின் பொறுப்பில் போய்விட்டது.

எப்படிப்பட்ட பொறுப்பு! விடியற்காலையில் சுபஹ் தொழுதவுடன் மருந்தை வெளியே எடுத்துவிடுவார். நான் ஹோலுக்கு வரும்போது மேசையில் ஒரு வெள்ளைப் பீங்கானில் மருந்துப் போத்தல், ஊசி, பஞ்சு எல்லாம் வரிசையாக இருக்கும். தூசி விழாமல் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்து மூடியிருப்பார். மாலையிலும் அப்படியே. குத்தி முடித்து நான் எழும்பிப் போனதும் பீங்கானைக் காணக் கிடைக்காது. மருந்து பிரிஜ்ஜில் எந்த மூலையில் இருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆனால் சீனி இறங்கவில்லை. ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஏறிக்கொண்டே போனது. டொக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். பிறகு இன்னும் கூட்டினார். "என்ன சாப்பிடுறீங்க?" என்று என்னைக் கள்ளனைப் பார்ப்பது போலப் பார்த்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பிடியே நிண்டா இந்த விரலப் பத்தி யோசிக்க வேண்டி வரும்" என்றார். அந்த வசனத்தை வாப்பாவுக்கு யாரோ சொன்னபோது நான் பக்கத்தில் நின்றவன்.

அன்று மாலை இதை மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் அம்மியின் சத்தம் நின்றது. மறுநாள் வெள்ளைச் சோறு வீட்டை விட்டுப் போனது. குரக்கன் புட்டு வந்தது, பாகற்காய் வந்தது, தவிட்டரிசி வந்தது. பெருநாளுக்கு இனிப்பு வட்டிலாப்பம் இல்லை. மாமி தன் பிளேன்டித் தேநீருக்கும் சீனி போடுவதை விட்டுவிட்டார் என்று மனைவி சொன்னாள். சீனிப் போத்தலின் மூடியைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதாம். வருத்தம் எனக்கு, பத்தியம் அவருக்கும்.

உடம்பைத் திருத்த முடியாத கோபத்தை நான் பிரிஜ்ஜில் காட்டினேன். முதலில் கதவின் இறப்பரைச் சோதித்தேன். ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்ப்பது. தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் இறப்பர் தளர்ந்துவிட்டது, வெளிச் சூடு உள்ளே போகிறது, மோட்டர் ஓயாமல் ஓடுகிறது என்று அர்த்தம். தாள் கிழிந்ததே தவிர வரவில்லை. பின்பக்கத்துத் தூசியைத் தட்டினேன். சுவரில் இருந்து தள்ளி வைத்தேன். மாமி உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து ஒதுக்கிய பிறகு, கறன்டைக் கழற்றி ஐஸ் முழுவதையும் உருக்கி, துடைத்து, மறுபடி போட்டேன். கடைசியில் குமிழைப் பார்த்தேன். அது ஏழில் நின்றது.

மூன்றில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடி ஏழு. திரும்ப மூன்று வைத்தேன். திரும்ப ஏழு வந்தது. மோட்டரின் நடுக்கத்தில் குமிழ் தானாகச் சுற்றுகிறது என்று முடிவு கட்டி, கடையில் இருந்து நல்ல டேப் கொண்டுவந்து மூன்றில் வைத்து ஒட்டினேன். அடுத்த நாள் காலையில் டேப் ஒட்டினபடியே இருந்தது. குமிழ் மட்டும் ஏழில் இருந்தது. அதுவும் நான் கோணலாக ஒட்டியிருந்த டேப் இப்போது சுருக்கமில்லாமல் நேராக இருந்தது. எந்த மோட்டரின் நடுக்கமும் டேப்பைக் கழற்றி நேராக ஒட்டாது. அது எனக்கு அப்போது மண்டையில் ஏறவில்லை.

ஏறியிருந்தாலும் நான் என்ன கேட்டிருக்க முடியும்? மனைவியிடம் கேட்டேன், அவள் தொடவில்லை என்றாள். மாமி தொட்டாரா என்று கேட்பது வேறு கதை. அவர் வீடு, அவர் குசினி, அவர் பிரிஜ். வந்த மருமகன் விசாரணை வைப்பது அழகில்லை. ஆகவே நாசூக்காக ஒரு வழி பார்த்தேன். "பிரிஜ்ட கூலிங் சரியில்ல எண்டு உம்மாட்ட சொல்லி வைங்க" என்று மனைவியிடம் சொன்னேன். அவளும் பாடசாலைக்குப் போகிற அவசரத்தில், "உம்மா, பிரிஜ்ட கூலிங் சரியில்லையாம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

கூலிங் சரியில்லை. இந்த வெயிலில் இருந்துகொண்டு அந்த வசனத்தைக் கேட்கிற எவரும் என்ன விளங்கிக்கொள்வார்கள்? குளிர் காணாது என்றுதானே. நான் சொன்னதன் நேர் எதிர் அர்த்தம் திரையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

பிறகு ஒரு திருத்துகிற ஆளைக் கூப்பிட்டேன். மாமி ஒரு கந்தூரிக்குப் போயிருந்த நேரம் டவுனில் இருந்து வந்தார், வாய் ஓயாத மனிதர். "எல்லாரும் குளிர் காணாது எண்டுதான் என்னக் கூப்பிடுற. குளிர் கூட எண்டு கூப்பிட்ட மொத ஆள் நீங்கதான் நானா" என்று, அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் நானா போட்டுச் சிரித்தார். குளிரை அளந்து மோட்டரை நிறுத்துகிற பாகத்தைப் புதிதாக மாற்றினார். குமிழை மூன்றில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் பொறுத்து மறுபடி தயிர் கல்லானது. நான் கடையில் இருந்து போனில் கொஞ்சம் சத்தம் போட்டேன். கொஞ்சம் இல்லை, நன்றாகவே போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடை பூட்டு, மனைவி ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தாள். திருத்துகிறவர் திரும்ப வந்தார். மாமி குசினியில் பின்பக்கம் ஒதுங்கிக்கொண்டார். வந்தவர் பிரிஜ்ஜைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மெஷின்ல ஒரு பிழையும் இல்ல நானா. ஏழுல வெச்சா ஏழுக்குரிய வேலைய அது செய்யுது. நான் மூண்டுல வெச்சிட்டுத்தான் போன. ஏழுக்கு ஆர் கொண்டு போன?"

"இந்த வீட்டுல ஒருத்தரும் தொடல்ல!" என்று கத்தினேன். "குளிரக் குறைக்கத்தான் நானே இவ்வளவு நாளாப் பாடுபடுறன். பிறகு ஆர் கூட்டுற?"

"அது எனக்குத் தெரியாது. ஜின் கூட்டுதோ என்னவோ. ஆனா இந்த ஐஸ் பெட்டிக்குக் கீழ ஒண்டும் வெக்காதீங்க. இதுல வெச்ச எதுவும் கட்டியாகிரும்."

அவர் போனார். நானும் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது எல்லாம் பின்னால் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மருமகனுக்கு வேண்டியது கூடுதல் குளிர் இல்லை, குறைந்த குளிர் என்பது மாமிக்கு அன்றுதான் தெரிந்திருக்கிறது. இன்னொருவராக இருந்தால் கைசேதப்பட்டு வருந்திக்கொண்டு இருந்துவிடுவார்கள். மாமி சோதனை வைத்தார். குமிழைக் குறைத்துவிட்டு, ஒரே அளவான தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, தட்டுக்கு ஒன்றாகவும் கதவில் ஒன்றாகவும் வைத்தார். மறுநாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தார். மற்றதெல்லாம் தண்ணீராகவே இருந்தது. ஐஸ் பெட்டிக்குக் கீழே வைத்த தம்ளர் மட்டும் கட்டி. அந்தத் தம்ளரின் பக்கத்தில்தான் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் மருந்து இருந்தது. அதுவும் கட்டி. அது புதுக்காட்சி இல்லை. பல நாளாக அவர் அதைக் கட்டியாகத்தான் எடுத்து, உருகவிட்டு, எனக்கு மேசையில் வைத்திருந்தார். அன்றைக்கு மட்டும் உருகிய மருந்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பார்த்துவிட்டு மகளிடம் சொல்லத் திரும்பினால் மகள் இல்லை. ஒரு உறவுக்காரப் பெண்ணின் கலியாண வேலை முடியாமல் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். மருந்தை அவர் மேசைக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் அவர் மகளுக்குப் போன் எடுக்க அறைக்குப் போன நேரத்தில், அன்று வழமையைவிட வெள்ளென எழும்பிய நான், குசினி வாசலில் கிடந்த பீங்கானை நானாகவே எடுத்து வந்து மேசையில் இருந்துவிட்டேன்.

போத்தலை உருட்டினேன். ஊசியில் மருந்தை இழுத்தேன். சட்டையைத் தூக்கினேன். அப்போது திரைக்குப் பின்னால் இருந்து மாமியின் குரல் கேட்டது.

"பூனை, அதத் தொடாத!"

மீனில் வாய் வைக்கப் பார்க்கிறது போல என்று நினைத்தேன்.

"தொடாத எண்டு சொல்றன்! அது கூடாது!"

பூனை என் காலடியில்தான் படுத்திருந்தது. அதுவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு விளங்கவில்லை. வயிற்றுத் தோலைப் பிடித்துக்கொண்டு ஊசியைக் கிட்டக் கொண்டுபோனேன்.

திரையின் வளையங்கள் கம்பியில் கிரீச்சென்று ஓடின.

"மனே! குத்தாதீங்க! அது திரைஞ்சிட்டு!"

மாமி ஹோலின் நடுவில் நின்றார். தலைச்சீலை தோளில் கிடந்தது. இத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தை நேராக நான் கண்டது அப்போதுதான். மனைவியின் அதே மூக்கு, அதே நெற்றி. கண் நிறையத் தண்ணீர். மகனே என்பதை எங்கள் கரையில் மனே என்று சுருக்கிவிடுவோம். பொத்துவிலில் என் உம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இந்த வீட்டில் நான் எப்போதும் 'மருமகன்', இல்லாவிட்டால் 'அவர்'.

போத்தலை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"இஞ்ச பாருங்க. நல்ல மருந்து உருட்டினா ஒரே சீராப் பால் போல வரும். இது பொடிப் பொடியா நிக்கிது, போத்தல்ல ஒட்டுது. தேங்காப்பால் திரைஞ்சா இப்பிடித்தான் நிக்கும். நான்தான் ஐஸுக்குக் கீழ வெச்ச. நான்தான் ஏழுல வெச்ச. என்ட கையால..."

"ஓம் மாமி" என்று மட்டும் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்தேன். அவர் தலைச்சீலையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

அன்றே போத்தலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிஸ்ஸி அதை ஒரு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது உறைஞ்சு உருகின மருந்து. இத நம்பிக் குத்த ஏலாது. இவ்வளவு நாளும் இதையா குத்தின? ஆர் கண்டுபிடிச்ச?"

"மாமி."

"அவங்க ஆஸ்பத்திரில வேலையா?"

"இல்ல. நல்லாப் பாலாணம் காய்ச்சுவாங்க."

புது மருந்து தந்தார்கள். டொக்டர் கதையைக் கேட்டுவிட்டு முதல் வேலையாக அளவைக் குறைத்தார். கெட்ட மருந்துக்குக் கூட்டின அளவில் நல்ல மருந்தைக் குத்தியிருந்தால் சீனி ஒரேயடியாக இறங்கிக் கடையிலேயே விழுந்திருப்பேன் என்றார். மருந்தைக் கதவுத் தட்டில் வைக்கச் சொன்னார். ஐஸ் பெட்டியின் பக்கமே போகக் கூடாது.

மாமி ஏன் அப்படிச் செய்தார் என்று மனைவி விளக்கியபோது எனக்கு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விளங்கியது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். பழுதாகக் கூடாத பொருள் என்றால் ஐஸ். மீன் கட்டியாக உறைந்தால்தான் நல்ல மீன். மருந்தைக் குளிரில் வை என்றால், எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது. என் சீனி ஏறியது என்று காதில் விழுந்த ஒவ்வொரு தடவையும், மருந்துக்குக் குளிர் போதவில்லை என்று குமிழைக் கூட்டியிருக்கிறார். கூட்டக் கூட்ட மருந்து கெட்டது. மருந்து கெடக் கெடச் சீனி ஏறியது. நான் தயிருக்காகக் குறைத்தேன், அவர் எனக்காகக் கூட்டினார். நடுவில் கூலிங் சரியில்லை என்று நானே ஒரு வசனத்தை அனுப்பி வைத்தேன். ஒட்டின டேப்பைக் கூட, மருமகன் ஒட்டினதாச்சே என்று பிய்த்து எறியாமல், கவனமாகக் கழற்றித் திரும்ப ஒட்டியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வரக்கூடிய ஆள்தான் நான், பிரிஜ் திருத்த வந்தவரைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்த வீட்டில் எனக்குரிய எதுவும் எப்போதும் முதல் இடத்தில்தான் இருந்தது. மீன் தலை எனக்கு. வட்டிலாப்பத்தின் நடுத்துண்டு எனக்கு. காற்று வருகிற ஜன்னலோரம் எனக்கு. பிரிஜ்ஜுக்குள்ளும் ஆகக் குளிரான, ஆக உயர்ந்த தட்டை எடுத்து, வெள்ளைத் துணி விரித்து, அவர் எனக்குத்தான் தந்திருந்தார். அதைப் பிழை என்று நாக்கு எடுத்துச் சொல்ல என்னால் முடியாது. தன் பிழையைத் தானே தேடிப் பிடித்து, தம்ளர் வைத்து உறுதிப்படுத்தி, அதைச் சொல்வதற்காக ஆயுள் முழுக்கக் காத்த வழமையை ஒரு நொடியில் உதறிவிட்டு வெளியே வந்த ஒருவரை மதிக்காமல் வேறு யாரை மதிப்பது?

அன்று மாலை மனைவி கலியாண வீட்டில் இருந்து வந்ததும் நேரே குசினிக்குப் போனாள். நான் ஹோலில் இருந்தேன். திரை தன் இடத்தில் தொங்கியது.

"உம்மா, நீங்க அவரோட கதைச்சயாமே!"

"ஆரு, நானா? நான் ஏன் மருமகனோட கதைக்கிற? நான் அந்த மருந்துப் போத்தலுக்குத்தான் ஏசின."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மாமியிடம் படித்த வித்தைதான். காலடியில் கிடந்த பூனையைப் பார்த்து, குசினிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"பூனை, மருந்துப் போத்தல ஆரும் மனே எண்டு கூப்பிடுவாங்களா?"

திரைக்கு அந்தப் பக்கம் மாமி சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், வாய்விட்டுச் சிரித்தார். மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

இப்போது குமிழ் மூன்றில் நிற்கிறது. டேப்பை மாமியே கழற்றிவிட்டார். மருந்து கதவுத் தட்டில் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பீங்கானில் வைக்கிறார். தயிர் தயிராக இருக்கிறது. மாமி தன் பிளேன்டிக்குத் திரும்பவும் சீனி போடுகிறார், மூடி திறக்கிற சத்தம் எனக்குத் தாராளமாகக் கேட்கிறது. அதன் பிறகு அவர் என்னை ஒரு தடவைகூட மனே என்று கூப்பிடவில்லை. புட்டு ஆறுவதைப் பற்றி வழமை போலப் பூனைக்குத்தான் சொல்கிறார்.

விரல் ஆறிவிட்டது. புண் இருந்த இடத்தில் தோல் கொஞ்சம் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். போன கிழமை கடையால் வந்து, செருப்பை வாசலில் தாறுமாறாகக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கை கால் கழுவிவிட்டு ஹோலுக்கு வரும்போது வாசலில் மாமி குனிந்து நிற்பது தெரிந்தது. நான் நிற்பதை அவர் காணவில்லை. ஒன்று அங்கேயும் ஒன்று இங்கேயுமாகக் கிடந்த என் செருப்பை எடுத்து, சோடியாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்.